பேச்சு வரட்டும் என்று காத்திருக்கலாமா?

தாய்மார்களே, "அவன் அப்பனும் நாலு வயசுலதான் வாயத் தொறந்தான், இவனும் பேசுவான், விடு" என்று பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சில பிள்ளைகளுக்கு அது சரியாகவும் போகும். ஆனால் பிள்ளைக்குக் காதே கேட்கவில்லை என்றால்? காதில் விழாத சொல்லைப் பிள்ளை எப்படித் திருப்பிச் சொல்லும்?

இப்படிக் காத்திருப்பதால் வரும் நஷ்டம் எவ்வளவு என்பதை அமெரிக்காவில் காசு செலவழித்துக் கண்டுபிடித்தார்கள். அங்கே காது, பேச்சுக் கோளாறுகளின் ஆராய்ச்சி முன்பு மூளை, நரம்பு நோய்களோடு ஒரே கழகத்தில் அடங்கியிருந்தது. 1988-ல்தான் அதற்கென்று அரசாங்கம் தனிக் கழகம் அமைத்துப் பணம் ஒதுக்கியது. 1993-ல் ஒரு நிபுணர் குழு, பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் மூன்று மாதத்துக்குள் காதைச் சோதிக்க வேண்டும் என்று சொன்னது. "அதனால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் எங்கே?" என்று சில மருத்துவர்கள் மறுத்தார்கள். நியாயமான கேள்விதான். பொதுப் பணம் அல்லவா?

ஆதாரம் 1998-ல் கொலராடோ மாநிலத்திலிருந்து வந்தது. பேராசிரியை கிறிஸ்டின் யோஷினாகா-இடானோவும் அவருடைய குழுவினரும் காது கேளாத 150 பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். 72 பேருக்கு ஆறு மாதத்துக்குள்ளேயே குறை தெரிந்திருந்தது. 78 பேருக்கு அதற்குப் பிறகு. குறை தெரிந்ததும் இரு சாராருக்கும் சராசரி இரண்டு மாதத்தில் பயிற்சி தொடங்கியது. முடிவு என்ன தெரியுமா? அறிவு வளர்ச்சி சரியாக இருந்த பிள்ளைகளில், முந்திக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் மொழியில் தெளிவாக முன்னே நின்றார்கள். காது கொஞ்சம் மந்தமானாலும் அறவே கேட்காவிட்டாலும், பேசப் பழகினாலும் சைகை பழகினாலும், வீட்டில் வசதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதே கதைதான். அந்தக் கடைசி வார்த்தையை இன்னொரு முறை படியுங்கள். கூலி வேலை செய்பவர் பிள்ளைக்கும் அதே பலன்!

வீட்டில் நாம் செய்கிற சோதனையை நம்ப வேண்டாம். பின்னால் நின்று தட்டைப் போட்டால் பிள்ளை திரும்பும். சத்தம் கேட்டல்ல, நிழலைப் பார்த்தோ தரை அதிர்ந்தோ திரும்பியிருக்கும். காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் "ங்கா, ங்கா" என்று குரல் கொடுக்கும். பெற்ற தாயே ஏமாந்து போவாள். அவள் மேல் குற்றமில்லை.

சரியான சோதனைக்கு வழிகாட்டியவர் டேவிட் கெம்ப். நல்ல காது, தான் கேட்ட சத்தத்துக்குப் பதிலாக மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்புகிறது என்பதை அவர் 1978-ல் லண்டனில் எடுத்துக் காட்டினார். குழந்தையின் காதில் சிறு அடைப்பானை வைத்து, அந்த ஒலி வருகிறதா என்று கருவி பார்க்கும். ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிட வேலை. முதல் தடவை ஒலி வரவில்லை என்றால் பயந்து அழாதீர்கள். பிறந்த குழந்தையின் காதில் நீர் தங்கியிருந்தாலும் அப்படி ஆகும். மறு சோதனைக்குத் தேதி கொடுத்தால் மட்டும் தவற விடாதீர்கள். அன்றைக்கு ஒருநாள் சம்பளம் போனாலும் சரி.

பிரசவமான ஆஸ்பத்திரியில் "புள்ளைக்குக் காது சோதிச்சாச்சா?" என்று கேளுங்கள். விட்டுப் போயிருந்தால், தடுப்பூசிக்குப் போகும்போது கிளினிக் நர்சிடம் சொல்லி, காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். சோதனையன்று பிள்ளைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்துத் தூங்க வையுங்கள். தூங்குகிற பிள்ளைக்குத்தான் சோதனை சுலபம்.