யார் வீட்டுக் காகிதம்?

ஜார்ஜ் வாஷிங்டன் முதல்முறை அதிபரானபோது, பதவியேற்பு விழாவில் பேசுவதற்காக நீண்ட உரை ஒன்றைத் தன் கைப்பட எழுதி வைத்திருந்தார். கடைசியில் பேசியது வேறொரு சிறிய உரை. பேசாமல் விட்ட அந்தக் கைப்பிரதி, அவர் இறந்து கால் நூற்றாண்டுக்கும் மேலான பிறகு பாஸ்டன்காரரான ஜாரெட் ஸ்பார்க்ஸ் என்ற பதிப்பாசிரியரிடம் வந்து சேர்ந்தது. இதை என்ன செய்யலாம் என்று முன்னாள் அதிபர் ஜேம்ஸ் மேடிசனிடம் யோசனை கேட்டார். அச்சிட வேண்டாம் என்றார் மேடிசன். அச்சேறாத காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வாஷிங்டன் கையெழுத்தில் ஒரு துண்டாவது கிடைக்காதா என்று கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் ஸ்பார்க்ஸ் அதை வெட்டிக் கொடுத்தார். சிலருக்கு முழுத் தாள், சிலருக்குச் சில வரிகள். அமெரிக்காவின் முதல் அதிபருடைய முதல் உரையின் வரைவு இப்படித்தான் ஊர் ஊராகச் சிதறியது.

ஸ்பார்க்ஸை மூடர் என்றோ திருடர் என்றோ சொல்ல முடியாது. பின்னாளில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கே தலைவரானவர். வாஷிங்டனின் எழுத்துகளைத் தேடித் திரட்டி 1834 முதல் 1837 வரை 12 தொகுதிகளாகக் கொண்டுவந்த உழைப்பாளி. ஆனால் அவர் காலத்துப் பெரியவர்களைப் போலவே அவருக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது: தேசத்தின் தந்தை கொச்சையாகப் பேசக் கூடாது. இஸ்ரேல் புட்னம் என்ற வயதான தளபதியை வாஷிங்டன் ஒரு கடிதத்தில் உரிமையோடு ‘கிழட்டுப் புட்’ என்று எழுதியிருந்தார். ஸ்பார்க்ஸ் அதை ‘ஜெனரல் புட்னம்’ ஆக்கினார். படைக்கு வந்த பணம் தெள்ளுக்கடி அளவுக்குக்கூட இல்லை என்ற எரிச்சல், தேவைக்குப் போதாது என்ற கனவான் நடைக்கு மாறியது. எழுத்துப் பிழைகள் திருத்தப்பட்டன. 1850களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் மஹோன் பிரபு இதைக் கண்டித்து எழுதியபோது ஸ்பார்க்ஸ் உண்மையிலேயே வருந்தினார். தான் செய்தது மரியாதை என்றே அவர் நினைத்திருந்தார்.

இதற்கெல்லாம் இடம் கொடுத்தது ஒரே விஷயம்தான். அந்தக் காகிதங்கள் அன்று யாருக்கும் பொதுவானவையாக இல்லை. அதிபர் பதவியை விட்டு இறங்கினால் பெட்டி பெட்டியாகக் கடிதங்களைத் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போவார். அவர் காலத்துக்குப் பின் வாரிசுக்கு. வாஷிங்டனின் கடிதங்கள் தம்பி மகன் புஷ்ராட் வாஷிங்டனுக்குப் போயின. உச்ச நீதிமன்ற நீதிபதியான அவர், புத்தக லாபத்தில் பங்கு பேசித்தான் ஸ்பார்க்ஸுக்குப் பெட்டிகளைத் திறந்துவிட்டார். அரசாங்கம் தன் முதல் அதிபரின் காகிதங்களை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது: 1834-ல் 25,000 டாலர், 1849-ல் மேலும் 20,000 டாலர்.

வாஷிங்டனுக்குத் தன் காகிதங்களின் அருமை நன்றாகத் தெரியும். போர் முடிவதற்குள்ளேயே, 1781-ல், ரிச்சர்ட் வேரிக் என்பவரை நியமித்து, நல்ல கையெழுத்துள்ள எழுத்தர்களை உட்காரவைத்து, தலைமையகக் கடிதங்கள் அனைத்தையும் படியெடுக்கச் சொன்னார். எல்லாத் தொகுதியும் ஒரே மாதிரி அழகாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. சம்பளத்துக்கே திண்டாடிய படையில் இரண்டு ஆண்டுக்கு மேல் இந்த வேலை நடந்து 44 தொகுதிகள் உருவாயின. மை என்றால் மாசிக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துப் பிசின் கலந்து காய்ச்சிய கறுப்பு மை. எழுதும்போது வெளிறி இருக்கும், காற்றுப் பட்டுக் கறுக்கும், காலம் போகப்போக அதிலுள்ள அமிலம் காகிதத்தையே அரிக்கும். பின்னாளில் மூன்றாம் அதிபரான தாமஸ் ஜெஃபர்சன் எழுத்தர்களையும் நம்பவில்லை. ஒரு பேனா அசைந்தால் மற்றொன்றும் அசையும் இரட்டைப் பேனாக் கருவியை 1804 முதல் வைத்துக்கொண்டு தானே நகல் எடுத்தார். அவர் தன் வாழ்நாளில் எழுதிய கடிதங்கள் ஏறக்குறைய 19,000.

கடிதம் அன்று ஊர்வதும் ஆபத்தோடுதான். 1775 கோடையில், பின்னாளில் அதிபரான ஜான் ஆடம்ஸ் பிலடெல்ஃபியாவிலிருந்து எழுதிய கடிதங்களைக் கொண்டுபோன இளைஞர் நாரகான்செட் விரிகுடாவில் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டார். குடியேற்றங்களின் பேரவையில் தன் சக உறுப்பினரான ஜான் டிக்கின்சனைச் சின்னப் புத்திக்காரர் என்று அதில் ஆடம்ஸ் கிண்டல் செய்திருந்தார். பாஸ்டனில் அரசரின் ஆதரவாளர்கள் நடத்திய செய்தித்தாள் அதை அப்படியே அச்சிட்டது. அடுத்த மாதம் பிலடெல்ஃபியா தெருவில் எதிரே வந்த டிக்கின்சன் தலையைக்கூட அசைக்காமல் கடந்து போனார். வாட்ஸ்அப் குழுவில் தவறிப் போட்ட செய்தியால் இன்று வருகிற சங்கடம் அன்றும் இருந்தது, கொஞ்சம் தாமதமாக வந்தது.

தாமதம் என்றால் சாதாரணத் தாமதம் இல்லை. அமெரிக்கக் கப்பல்களைப் பாதித்த வணிகத் தடைகளை விலக்கிக்கொள்வதாக 1812 ஜூன் 16-ல் லண்டனில் அறிவித்தார்கள். அது தெரியாமலே ஜூன் 18-ல் அமெரிக்கா போர் அறிவித்தது. அந்தப் போரை முடிக்க 1814 டிசம்பர் 24-ல் இன்றைய பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நியூ ஆர்லியன்ஸில் பெரிய சண்டை நடந்தது 1815 ஜனவரி 8-ல். இந்தத் தாமதத்துக்கு நம் கரையும் ஒரு விலை கொடுத்திருக்கிறது. அமெரிக்கச் சுதந்திரப் போரில் அமெரிக்கர்களுக்குத் துணையாக இறங்கிய பிரான்ஸ், 1783 ஜனவரி 20-லேயே பிரிட்டனுடன் போர்நிறுத்தம் செய்துகொண்டது. செய்தி வர ஐந்து மாதம். அதற்குள் ஜூன் 13-ல் கடலூரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படையும் மைசூர்ப் படையும் ஆங்கிலேயரோடு மோதி இரு பக்கமும் நூற்றுக்கணக்கானோர் விழுந்தார்கள். 20-ம் தேதி கடலிலும் சண்டை. சமாதானக் கொடியோடு கப்பல் வந்தது ஜூன் இறுதியில். அமெரிக்கப் போரின் கடைசிச் சண்டை கடலூரில் என்று வரலாற்றாசிரியர் சிலர் எழுதுவது இதனால்தான்.

ஊர்ந்து வந்து சேர்ந்த பிறகும் நெருப்பு காத்திருந்தது. 1800 நவம்பரில் போர்த் துறை அலுவலகம் தீப்பிடித்து, புதிய நாட்டின் ராணுவ ஆவணங்கள் ஏறக்குறைய முழுவதும் சாம்பலாயின. 1814 ஆகஸ்டில் பிரிட்டிஷ் படை தலைநகரை நோக்கி வந்தது. வெளியுறவுத் துறையில் எழுத்தராக இருந்த ஸ்டீஃபன் பிளெசண்டன் முரட்டுத் துணி வாங்கிப் பைகள் தைக்கச் சொல்லி, சுதந்திரப் பிரகடனத்தையும் அரசியல் சாசனத்தையும் அவற்றில் அடைத்தார். எதிரி இங்கே வரமாட்டான், எதற்கு வீண் பதற்றம் என்று போர் அமைச்சரே வழியில் நின்று சொன்னார். பிளெசண்டன் கேட்கவில்லை. வண்டிகள் பொட்டோமாக் ஆற்றைத் தாண்டி, பாழடைந்த மாவு ஆலையில் இறங்கி, பிறகு லீஸ்பர்க் ஊரின் காலி வீடு ஒன்றுக்குப் போயின. ஆகஸ்ட் 24 இரவு வெள்ளை மாளிகை எரிந்தது. அமைச்சரின் பெயரை விட்டுவிட்டு எழுத்தரின் பெயரை மட்டும் இங்கே எழுதுவதில் எனக்கு வருத்தமில்லை. எரியாமல் தப்பிய பிரகடனத்தைப் பிறகு வாட்டியது சூரியன்: 1841 முதல் 35 ஆண்டு காப்புரிமை அலுவலகத்தில் ஜன்னலுக்கு எதிரே மாட்டிவைத்து, மையை மங்க விட்டார்கள். இப்போது அது ஆர்கான் வாயு நிரப்பிய பேழைக்குள் மங்கிய ஒளியில் இருக்கிறது.

இன்றைய நிலை முற்றிலும் வேறு. 1978-ல் வந்த சட்டம், அதிபரின் அலுவல் காகிதம் நாட்டுக்கே சொந்தம் என்று ஆக்கியது. 1981 ஜனவரி 20-க்குப் பிந்தைய ஆவணங்கள் எல்லாம் அதன்கீழ் வரும். பழைய காகிதங்களின் விஷயத்திலும் நீதிமன்றங்கள் கண்டிப்பாக இருக்கின்றன. 1780-ல் வாஷிங்டனின் உதவியாளராக இருந்த அலெக்சாண்டர் ஹாமில்டன் பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட்டுக்கு எழுதிய ஒரு கடிதம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டி மாசசூசெட்ஸ் ஆவணக் காப்பகத்திலிருந்து திருடுபோனது. 2018-ல் அது ஏலத்துக்கு வந்தது. வைத்திருந்த குடும்பம் அதை முறையாகவே பெற்றதாக வாதாடியும், பொதுச் சொத்து என்று தீர்ப்பாகிக் கடிதம் மாநிலத்துக்கே திரும்பியது. ஆடம்ஸ் குடும்பம் தலைமுறைகளாகப் பூட்டி வைத்திருந்த காகிதங்களை 1956-ல் மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்துக்குத் தானாகவே கொடுத்தது. மைக்ரோஃபிலிமில் அவை 608 சுருள்கள்.

2013-ல் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகமும் வர்ஜீனியா பல்கலைக்கழக அச்சகமும் சேர்ந்து ‘ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்’ என்ற தளத்தைத் திறந்தன. வாஷிங்டன், ஃபிராங்க்ளின், ஆடம்ஸ், ஜெஃபர்சன், ஹாமில்டன், மேடிசன், பிறகு ஜான் ஜே ஆகியோரின் 1,80,000-க்கும் மேற்பட்ட ஆவணங்களை இலவசமாகத் தேடிப் படிக்கலாம். ஜான் ஆடம்ஸின் மனைவி அபிகெய்லின் கடிதங்களை 1840-ல் பேரன் அச்சிட்டபோது பாட்டியின் எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். புதிய சட்டம் எழுதும்போது பெண்களை மறந்துவிடாதே என்று 1776 மார்ச் 31-ல் அவர் கணவருக்கு எழுதியது இன்று அதே பிழைகளோடு, அதே மூச்சோடு கிடைக்கிறது. கிழட்டுப் புட்டும் திரும்பி வந்துவிட்டார். திருத்தாத வாஷிங்டன் என்னைப் பொறுத்தவரை பெரிய ஆளாகவே தெரிகிறார்: பணமும் செருப்பும் இல்லாத படையை வைத்துக்கொண்டு எரிந்து விழும் மனிதர், ஆனால் விலகிப் போகாதவர்.

1800-ல் எரிந்துபோன போர்த் துறைக் காகிதங்களையும் ஓரளவு மீட்டிருக்கிறார்கள். கடிதத்துக்கு எழுதியவர், பெற்றவர் என்று இரண்டு முனை உண்டு அல்லவா? ஒரு முனை எரிந்தாலும் மறுமுனையில் பிரதி இருக்கலாம். இந்த எளிய கணக்கை நம்பி, இருநூறுக்கும் மேற்பட்ட காப்பகங்களில் தேடிச் சேர்த்த பல்லாயிரம் ஆவணங்களை ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது.

தலைவர்களின் கடிதங்களைவிட எனக்குப் பிடித்தவை ஓய்வூதிய விண்ணப்பங்கள். 1818, 1832 சட்டங்களின்படி உதவி கேட்ட சுதந்திரப் போர்ச் சிப்பாய்கள் நீதிமன்றத்துக்கு வந்து, நாற்பது ஐம்பது ஆண்டுக்கு முன் எந்தத் தளபதியின்கீழ் எங்கே நின்றோம் என்று வாய்மொழியாகச் சொல்ல வேண்டியிருந்தது. எழுதத் தெரியாதவர்கள் பெருக்கல் குறி இட்டார்கள். திருமணத்துக்குச் சான்று கேட்டபோது கைம்பெண்கள் குடும்ப பைபிளில் பிறப்பு இறப்பு எழுதிய பக்கத்தையே கிழித்து அனுப்பினார்கள். 80,000-க்கும் மேற்பட்ட கோப்புகள், இருபது லட்சத்துக்கும் அதிகமான பக்கங்கள்.

இவற்றைத் தட்டச்சில் ஏற்றத் தேசிய ஆவணக் காப்பகம் தன்னார்வலர்களை அழைத்திருக்கிறது. எழுத்துகளைச் சேர்த்து எழுதும் ஆங்கிலக் கூட்டெழுத்தைப் படிக்கத் தெரிந்திருந்தால் போதும், வீட்டிலிருந்தே செய்யலாம். அங்கேதான் சிக்கல். அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் கூட்டெழுத்துப் பயிற்சியைக் கைவிட்டு ஒரு தலைமுறை ஆகப்போகிறது. தாத்தா காலத்து வாழ்த்து அட்டையே புரியாத பிள்ளைகளுக்கு 1832-ன் நீதிமன்ற எழுத்தர் கிறுக்கல் எப்படிப் புரியும்? கையெழுத்தைப் படிக்கக் கணினியும் இப்போது உதவுகிறது. ஆனால் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயர்களை மனிதக் கண் சரிபார்த்தே ஆக வேண்டும். கலிஃபோர்னியா 2023-ல் சட்டம் போட்டுத் தொடக்கப் பள்ளிகளில் கூட்டெழுத்தை மறுபடி கொண்டுவந்திருக்கிறது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வரும்வரை, அந்தக் காலத்துப் பள்ளியில் படித்த ஓய்வுபெற்றவர்களை நம்பித்தான் வேலை ஓடுகிறது.