சுண்டெலியும் மஞ்சளும் ஒரு கொடிய நோயும்

மூணாறு, வண்டிப்பெரியாறு தோட்டங்களின் தேயிலையிலும் நம் வீட்டு மஞ்சளிலும் காணப்படும் இரண்டு பொருள்கள் புற்றுநோய் பரவுவதைத் தடுக்குமா? பாலக்காட்டை அடுத்த திருச்சூரில் சுண்டெலிகளை வைத்து இதைச் சோதித்தார்கள்.

தோலுக்கு நிறம் தரும் செல்களில் தோன்றும் புற்றுநோய்க்கு மெலனோமா என்று பெயர். ஆரம்பத்திலேயே கண்டால் ஆபரேஷன் செய்து பெரும்பாலும் குணப்படுத்தலாம். நுரையீரல், ஈரல் என்று பரவிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

1954-ல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு கறுப்புச் சுண்டெலிக்குத் தானாகவே இந்நோய் கண்டது. அதன் செல்கள் 'பி16' என்ற பெயரில் இன்றும் வளர்க்கப்படுகின்றன. ஐசையா ஃபிட்லர் என்ற விஞ்ஞானி அவற்றை எலியின் ரத்தத்தில் செலுத்தினார். நுரையீரலில் முளைத்த கட்டிகளின் செல்களை எடுத்து வேறு எலிக்குச் செலுத்தினார். இப்படிப் பத்து முறை செய்ததும், நுரையீரலில் எளிதாக வேரூன்றும் 'எஃப்10' வகை கிடைத்தது. கட்டிகள் கறுப்பாக இருப்பதால் எண்ணுவது சுலபம்.

திருச்சூர் அமலா புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் ராமதாசன் குட்டன், கிரிஜா குட்டன் குழுவினர் இதே செல்களைப் பயன்படுத்தினர். மஞ்சளிலுள்ள குர்குமின், தேயிலையிலுள்ள கேட்டச்சின் ஆகியவற்றைத் தின்னக் கொடுத்த எலிகளின் நுரையீரலில் கட்டிகள் சுமார் 80 சதவீதம் குறைந்தன என்று 1995-ல் அறிவித்தனர்.

ஆனால் எலி வேறு, மனிதன் வேறு. மஞ்சளும் தேநீரும் இந்நோய்க்கு மருந்தாகிவிடவில்லை. இந்தியர்களுக்கு மெலனோமா உள்ளங்காலிலும் நகத்தடியிலும் அதிகம் வருகிறது. வெறுங்காலுடன் வேலை செய்பவர்கள் அதை முள் குத்திய தழும்பென்று விட்டுவிடக்கூடும். அங்குள்ள கறுப்புப் புள்ளி பெரிதானாலோ, நிறம் மாறினாலோ, ரத்தம் கசிந்தாலோ கைவைத்தியம் செய்யாமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.