தூரம் போகும் ட்ரோனுக்குத் தொடர்புச் செலவு எவ்வளவு?

வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோனை நம்மில் பலர் பார்த்திருப்போம். இயக்குபவர் வரப்பிலேயே நிற்கிறார்; அவர் கையிலுள்ள ரிமோட்டுக்கும் மேலே பறப்பதற்கும் இடையில் தடை எதுவும் இல்லை. தொடர்புக்கென்று தனிச் செலவும் இல்லை. ஆனால் சிறுமலைக்கோ, நெடுங்காலம் குதிரை முதுகில் சாமான் போய்வந்த வெள்ளகெவிக்கோ ட்ரோனில் சரக்கு அனுப்புவதென்றால் கணக்கே வேறு.

இது வெறும் கற்பனை அல்ல. 2021 அக்டோபர் 4 அன்று மணிப்பூரில் பிஷ்ணுபூர் மாவட்ட மருத்துவமனையிலிருந்து லோக்தக் ஏரியில் உள்ள கரங் தீவுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ட்ரோனில் கொரோனா தடுப்பூசி அனுப்பியது. சாலை வழி 26 கிலோமீட்டர், வான்வழி 15. கால் மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

கண்ணுக்கு எட்டாத தூரத்தில் பறக்கும் ட்ரோன், தான் இருக்கும் இடம், உயரம், பேட்டரி நிலை ஆகியவற்றைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நொடிக்கு 10 கிலோபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 4.5 எம்.பி. மட்டுமே. நொடிக்கு 2 மெகாபிட் வீதம் வீடியோவும் அனுப்பினால் 900 எம்.பி. செல்போன் ரீசார்ஜ் செய்கிற யாருக்கும் இது பெரிய தொகை இல்லை என்று தெரியும். அப்படியானால் பணம் எங்கே போகிறது? அறுந்துபோகாமல் வைத்திருப்பதில்தான் போகிறது.

சொந்த ரேடியோ வைத்துக்கொள்வது ஒரு வழி. ரேடியோ அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. 400 அடி உயரத்தில் பறக்கும் ட்ரோனுக்கு, பூமியின் வளைவை மட்டும் பார்த்தால், 40 கிலோமீட்டருக்கு மேலும் எட்டும். திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் நேர்கோட்டில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர், பெரும்பாலும் சமவெளி. நல்ல ஆன்டெனாவை உயரத்தில் கட்டினால் ஒப்பேற்றிவிடலாம். மலைக்குப் பின்னால் இறங்கினால் தொடர்பு போய்விடும். அங்கே இடையில் ஒரு மறு ஒலிபரப்புக் கருவி, அதற்கு மின்சாரம், காவல், பழுது பார்க்க ஆள் என்று செலவு வளரும்.

இருக்கிற செல்போன் டவரைப் பயன்படுத்தலாமே என்பது அடுத்த யோசனை. டவரின் ஆன்டெனாக்கள் தரையில் நடப்பவர்களுக்காகச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்துக் கட்டப்பட்டவை. மேலே பறக்கும் ட்ரோனுக்கு ஒரே சமயத்தில் பல டவர்கள் தெரியும். எதைப் பிடிப்பது என்று மாறிமாறித் தடுமாறும். தரையில் முழு சிக்னல் காட்டுகிறதே என்று நம்பிவிடக் கூடாது.

அதனால் இரண்டு கம்பெனி சிம் போடுகிறார்கள். ஒவ்வொன்றும் நூறில் ஒரு தடவை தவறும் என்றால் இரண்டும் சேர்ந்து தவறுவது பத்தாயிரத்தில் ஒரு தடவை. கணக்கு சரிதான், இரண்டும் ஒன்றையொன்று சாராமல் இருந்தால். நம் நாட்டில் ஒரே டவரில் பல கம்பெனிகள் வாடகைக்கு இருப்பது சகஜம். கரண்ட் போய் டவரின் பேட்டரியும் தீர்ந்தால் இரண்டு சிம்மும் சேர்ந்தே ஊமையாகிவிடும். ஒரே மண்டியில் இரண்டு பெயரில் சரக்கு வாங்கிவிட்டு, இரண்டு இடத்தில் கொள்முதல் என்று சொல்வது போலத்தான் இது. வழி நெடுக எந்தக் கம்பெனி எந்த டவரில் இருக்கிறது என்று பறந்து பார்த்துக் குறித்துக்கொள்வதே ஒரு தனிச் செலவு.

செயற்கைக்கோள் மலைக்கும் அஞ்சாது. ஆனால் துரையா, இரிடியம் கருவிகளை அனுமதியின்றி வைத்திருப்பதே இங்கு குற்றம். ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு 2025இல் உரிமம் கிடைத்தது; அதன் சின்னக் கருவியே ஒரு கிலோ எடை. 5 கிலோ தூக்கும் ட்ரோனில் அது ஐந்தில் ஒரு பங்கு சரக்கை விழுங்கிவிடும்! தொடர்பு அறுந்தால் ட்ரோன் தானாகத் திரும்பி வர பேட்டரியில் மிச்சம் வைப்பதும் இப்படி எடையில்தான் கழிகிறது.

இந்தச் செலவுகளில் பெரும்பகுதி, பறந்தாலும் பறக்காவிட்டாலும் கட்ட வேண்டியது. கடை வாடகை மாதிரி. உதாரணத்துக்கு மாதம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 30 தடவை பறந்தால் தடவைக்கு 1,000; 5 கிலோ சரக்கென்றால் கிலோவுக்கு 200 ரூபாய். அரிசி, பருப்பு இதைத் தாங்காது; மருந்து தாங்கும். 600 தடவை பறந்தால் கிலோவுக்கு 10 ரூபாய்தான். ருவாண்டாவில் 2016 முதல் ஜிப்லைன் நிறுவனம் ரத்தம் கொண்டுசெல்வது நிலைத்ததற்கு, ஒரே தளத்திலிருந்து ஓயாமல் பறப்பதும் ஒரு காரணம். ஒரு கடைக்குக் கட்டாதது பல கடைகள் சேர்ந்தால் கட்டலாம்.

இப்படிப்பட்ட சேவையை விற்க யாராவது நம்மிடம் வந்தால், கிலோ வாடகையைக் கேட்பதற்கு முன், இரண்டாவது தொடர்பு எந்த டவர் வழியாக வருகிறது என்று கேட்க வேண்டும். கண்ணுக்கு எட்டாத தூரம் பறக்கத் தனி அனுமதி உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். மணிப்பூரில் பறந்ததும் அரசின் சிறப்பு விலக்கு பெற்றுத்தான். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி கால் கிலோவுக்கு மேற்பட்ட ட்ரோன்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அது கீழே இருப்பவருக்கு ஏற்படும் சேதத்துக்கானது. உள்ளே இருக்கும் நம் சரக்குக்கு யார் பொறுப்பு என்பதைத் தனியாக எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.