மூடிய கமராவுக்குள் தெரிந்த விண்மீன்கள்

சென்ற தைப்பொங்கல் விழாவின்போது, மேற்குச் சிட்னியிலுள்ள எமது தமிழ்ப் பாடசாலைக் கண்காட்சியில் ஒளிப்படம் ஒன்று எல்லோரையும் கவர்ந்தது. மேல்வகுப்பு மாணவி ஒருத்தி, மார்கழி மாதத்து இரவொன்றில், நகரின் வெளிச்சம் எட்டாத வெளியூரிலிருந்து எடுத்த படம் அது. தென்சிலுவைக்கு அண்மையில், ஏறத்தாழ 7,500 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கரினா நெபுலா என்னும் வாயு முகிலும், அதனைச் சூழச் சிவப்பும் நீலமுமாக நூற்றுக்கணக்கான பொட்டுகளும் அதிற் காணப்பட்டன. எத்தனை வண்ண விண்மீன்கள் என்று நாமும் வியந்தோம். மேடையேறிப் பாராட்டியும் பேசினோம். தந்தையார் கனடாவிலும் இலண்டனிலும் உள்ள உறவினருக்கெல்லாம் படத்தை அனுப்பி மகிழ்ந்தார்.

இரண்டு வாரம் கழித்து அம்மாணவி எம்மிடம் வந்தாள். "சேர், அந்தப் படத்தைக் கழட்டிவிடுங்கோ. அதில இருக்கிற கனக்கப் பொட்டுகள் விண்மீனே இல்லை" என்றாள். கமராவின் வில்லையை மூடியால் மூடிவிட்டு, முன்போலவே ஐந்து நிமிடம் திறந்து வைத்து அவள் இன்னொரு படம் எடுத்திருந்தாள். ஒளி சிறிதும் புகாத அந்தப் படத்திலும் அதே பொட்டுகள், அதே இடங்களில் இருந்தன!

பௌதிகம் எமது பாடமன்று. ஆயினும், அறியாது பாராட்டியவர் என்ற முறையில், காரணத்தை அறிந்து வாசகர்களுக்குக் கூறும் கடமை எமக்குண்டு.

டிஜிற்றல் கமராவின் உள்ளே படச்சுருளுக்குப் பதிலாக ஒரு சிலிக்கன் தகடு இருக்கிறது. அது இலட்சக்கணக்கான நுண்ணிய கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒளி பட்டதும் ஒவ்வொரு கட்டத்திலும் இலத்திரன்கள் விடுபட்டுச் சேர்கின்றன; கமரா அவற்றை எண்ணிப் படமாக்குகிறது. இவ்வகை உணரிகளுள் முன்னோடியானதை 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவாக்கிய வில்லார்ட் பொயில், ஜோர்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் 2009இல் நோபல் பரிசிற் பங்குபெற்றனர்.

ஆனால் இலத்திரன்களை விடுவிப்பது ஒளி மட்டுமன்று. வெப்பமும் அதனைச் செய்கிறது. எண்ணும் கருவிக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. பகலில் ஒரு நொடியின் நூறிலொரு பங்கு நேரத்தில் எடுக்கும் படத்தில் இது பொருட்டன்று. நிமிடக்கணக்கில் காத்திருந்து மங்கிய ஒளியைச் சேர்க்கும்போதோ, வெப்பத்தின் இலத்திரன்களும் கூடவே சேர்ந்துகொள்கின்றன. பழுதுற்ற சில கட்டங்களில் அவை மிகுதியாகச் சேர, அவ்விடங்கள் விண்மீன்போல ஒளிர்கின்றன.

இதற்கு மருந்து குளிர்ச்சியே. உணரியின் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் குறையுந்தோறும் இவ்வீண் இலத்திரன்கள் பாதியாகின்றன. பெரிய வானாய்வகங்களில், −196 பாகையில் கொதிக்கும் திரவ நைதரசனைக் கொண்டு உணரிகளை −100 பாகை அளவுக்குக் குளிர்விப்பது நெடுநாள் வழக்கம். விண்வெளியில் உலவும் ஹபிள் தொலைகாட்டியிலும் ஒரு கமராவின் உணரி −83 பாகையில் வைக்கப்பட்டுள்ளது. 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைகாட்டியின் ஒரு கருவி −266 பாகைக்குக் குளிர்விக்கப்படுகிறது. வெப்பக் கதிர்களையே நோக்கும் அக்கருவி சூடாக இருந்தால், தன் சூட்டையே தான் காணும்.

வீட்டிலிருந்து படமெடுப்போருக்கென, மின்னாற் குளிரூட்டும் கமராக்கள் விற்பனையாகின்றன. பிரெஞ்சு நாட்டவரான பெல்ரியர் 1834இல் கண்டறிந்த விளைவே அவற்றின் அடிப்படை. இருவகைப் பொருள்களின் இணைப்பில் மின்னோட்டம் பாயும்போது ஒருபுறம் குளிர்கிறது, மறுபுறம் சூடேறுகிறது. அச்சூட்டைச் சிறு மின்விசிறி வெளியேற்ற, உணரி சுற்றாடலைவிட 30 முதல் 40 பாகை வரை குளிர்கிறது. ஆயின், குளிர்ந்த தகட்டில் ஈரம் படிந்து உறையக் கூடும். ஆகையால் உணரி காற்றுப்புகாத அறையில், ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் வைக்கப்படுகிறது. சாதாரண கமராவைப் பிரித்து இதனைப் பொருத்த முனைவோர் பலர் ஈரத்தாற் கமராவையே இழக்க நேரிடும்.

"குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்தால் என்ன?" என்று தந்தையார் கேட்டார். வெளியே எடுத்ததும் குளிர்ந்த சோடாப் போத்தலைப் போல அது வியர்க்கும். சற்று நேரத்திற் சூடும் ஏறிவிடும் என்று மகள் தடுத்துவிட்டாள். ஆயிரம் டொலருக்கு மேல் கொடுத்துப் புதியது வாங்கவும் அவள் இசையவில்லை. மூடிய படத்தைத் திறந்த படத்திலிருந்து கணினியிற் கழித்துப் பார்த்தாள். நிலையான பொட்டுகள் பெரும்பாலும் மறைந்தன; ஆனால் வெப்பத்தாற் கணந்தோறும் எழும் ஏற்ற இறக்கம் மணலைத் தூவியதுபோல எஞ்சியது. கழித்தலால் அதனை நீக்க முடியாது.

ஆகவே குளிர்காலத்துக்குக் காத்திருந்தோம். ஊரில் மார்கழி என்றால் பனி. இங்கோ அது கோடை. ஆனி மாத விடுமுறையில் அக்குடும்பத்தாருடன் நாமும் கூனபரபிரான் சென்றோம். 1974இல் திறக்கப்பட்ட 3.9 மீற்றர் ஆங்கிலோ-அவுஸ்திரேலியத் தொலைகாட்டி அங்குள்ள சைடிங் ஸ்பிறிங் மலையிலே இருக்கிறது. அயலிலுள்ள வரம்பங்கிள் தேசியப் பூங்கா, 2016இல் அவுஸ்திரேலியாவின் முதலாவது இருள்வான் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அவ்விருளில் எமக்கு 1990களின் யாழ்ப்பாணம் நினைவுக்கு வந்தது. மின்சாரமற்ற அந்நாள்களில், ஜாம் போத்தல் விளக்கொளியில் பாடம் நடத்திவிட்டு வெளியே வந்தால், தென்சிலுவை தெற்கே தாழ்வாகத் தெரியும். அன்று அதனை நின்று பார்க்க எமக்கு மனமிருந்ததில்லை.

மார்கழி இரவில் 26 பாகை. இங்கோ 2 பாகை. 24 பாகை வேறுபாடு என்பது நான்கு முறை பாதியாதல். அதாவது பதினாறிலொரு பங்கு. அதே கமராவில், அதே ஐந்து நிமிடத்தில், ஒரு சதமும் செலவின்றி அவள் மீண்டும் படமெடுத்தாள். வண்ணப் பொட்டுகள் மிகக் குறைந்திருந்தன. முன்பு புலப்படாத முகிலின் மெல்லிய ஓரங்கள் தெரிந்தன.

கனடாவிலுள்ள உறவினர் சிலருக்கு முதற்படமே அழகாகத் தோன்றுகிறதாம். அதில் நட்சத்திரங்கள் கூட என்கிறார்கள். அடுத்த பொங்கல் விழாவில் மூன்று படங்களையும் அருகருகே வைக்க அவள் கேட்டிருக்கிறாள்: மார்கழியில் எடுத்தது, மூடியுடன் எடுத்தது, ஆனியில் எடுத்தது. எமது பழைய பாராட்டுரையை அதே மேடையில் திருத்திக் கூறவும் நாம் இசைந்துள்ளோம்.