கொண்டைக்கோழி

கொண்டைக்கோழி என்பது உச்சந்தலையில் இறகுகள் கொத்தாகக் குவிந்து வளரும் கோழிகளைக் குறிக்கும். தமிழ்நாட்டு நாட்டுக்கோழிகளைத் தோற்றத்தின் அடிப்படையில் வகைப்படுத்துவோர் குருவுக்கோழி, பெருவிடைக்கோழி, சண்டைக்கோழி, கழுத்தில் இறகில்லாத கிராப்புக்கோழி, குட்டைக்கால் கோழி ஆகியவற்றோடு இதனையும் ஒரு வகையாகக் கூறுவர். மற்ற வகைகளை நோக்க இது அரிதாகவே காணப்படுகிறது. இக்கோழியின் வழி தொடர்வதும் அறுந்து போவதும் பெரும்பாலும் பெட்டை தன் முதல் முட்டையை இடும் வரை வளர்ப்பவர் காத்திருப்பதைப் பொறுத்தே அமைகின்றன.

பெயர்

தமிழில் கொண்டை என்னும் சொல் இரண்டு வேறு உறுப்புகளுக்கு வழங்குகிறது. எல்லாச் சேவல்களுக்கும் தலையில் உள்ள சிவந்த தசைப்பகுதி பேச்சு வழக்கில் கொண்டை எனப்படுகிறது. பழைய இலக்கியங்களில் இது சூட்டு எனப்பட்டது. கொண்டைக்கோழி என்ற பெயரில் உள்ள கொண்டை, மனிதர் முடியும் கொண்டையைப் போன்ற இறகுக் கொத்தைக் குறிப்பதாகும். குழப்பத்தைத் தவிர்க்க, இக்கட்டுரையில் தசையாலானது சூட்டு என்றும் இறகாலானது கொண்டை என்றும் குறிக்கப்படுகின்றன.

தோற்றம்

கோழிகளின் மூதாதையான செங்காட்டுக்கோழிக்குக் கொண்டை கிடையாது. ஆகவே இது மனிதர் வளர்ப்பில் தோன்றி, தேர்ந்தெடுத்துப் பெருக்கப்பட்ட பண்பாகும். பெட்டையின் கொண்டை உருண்டு திரண்டிருக்கும். சேவலின் கொண்டை கூர்மையான நீண்ட இறகுகளால் ஆனதாய்ப் பின்னோக்கிச் சரிந்திருக்கும். பெருங்கொண்டை உடைய சில இனங்களில் சூட்டு மிகச் சிறுத்து, இரண்டு கொம்புகள் போலப் பிளந்து காணப்படும்.

பெருங்கொண்டை இனங்கள் பலவற்றில் மண்டையோட்டின் உச்சியும் மேல்நோக்கிப் புடைத்திருக்கும். அவ்விடத்தில் எலும்பு முழுமையாக மூடாமல் துளைகள் இருப்பதும் உண்டு. சார்லசு டார்வின் 1868இல் வெளியிட்ட, வளர்ப்பு உயிரினங்களின் மாறுபாடுகள் பற்றிய நூலில் இத்தகைய மண்டையோடுகளை விரிவாக விளக்கியுள்ளார். இப்புடைப்பு பொரித்த அன்றே குஞ்சின் தலையில் தெரியுமாதலால், எந்தக் குஞ்சு கொண்டையுடன் வளரும் என்பதை முதல் நாளிலேயே கண்டறிய இயலும். அதே காரணத்தால் மற்ற கோழிகள் தலையில் கொத்தினால் இக்குஞ்சுகள் இறந்துவிடவும் கூடும்.

உலகில் கொண்டைக்கோழிகள்

நெதர்லாந்தில் உருப்பெற்ற போலிசு இனம், பிரான்சின் ஊதான், துருக்கியிலிருந்து பரவிய சுல்தான், சுவிட்சர்லாந்தின் அப்பென்செல்லர் ஆகியவை புகழ்பெற்ற கொண்டை இனங்களாகும். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் மெல்கியோர் தெ ஓண்டெகூட்டரின் ஓவியங்களில் இத்தகைய கோழிகளைக் காணலாம். இந்தியாவில் குமாவோன் மலைப்பகுதியைச் சேர்ந்த உத்தரா இனத்தில், கால்களில் இறகு இருப்பதோடு சில கோழிகளுக்குத் தலையிலும் இறகுக் கொத்து உண்டு.

சீனாவின் பட்டுக்கோழியும் கொண்டை உடையதே. மார்க்கோ போலோ தம் பயண நூலில், சீனத்தின் புசோ பகுதியில் இறகுக்குப் பதிலாகப் பூனையைப் போன்ற மயிருடைய கோழிகள் உள்ளதாகக் குறிப்பிட்டுள்ளார். அவை பட்டுக்கோழிகளே எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. அதே நூலில் தாமிரபரணிக் கழிமுகத்தில் இருந்த காயல் துறைமுகத்தையும் அவர் விவரித்துள்ளார். இன்றைய பழையகாயல், காயல்பட்டினம் ஆகிய ஊர்கள் அக்கழிமுகப் பகுதியில் அமைந்துள்ளன.

மரபியல்

கொண்டைப் பண்பு முழுமையற்ற ஓங்குபண்பு ஆகும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் கொண்டை மரபணுவைப் பெற்ற கோழிக்குப் பெரிய கொண்டை அமையும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றதற்குச் சிறிய கொண்டை அமையும்; சிலவற்றில் அது கூர்ந்து நோக்கினாலன்றித் தெரியாத சிறு குடுமியாகவும் இருக்கலாம். சிறு கொண்டையுள்ள சேவலும் பெட்டையும் இணைந்தால், குஞ்சுகளில் சராசரியாகக் கால் பங்கு பெருங்கொண்டையுடனும், அரைப் பங்கு சிறு கொண்டையுடனும், எஞ்சிய கால் பங்கு கொண்டையின்றியும் இருக்கும்.

2012இல் வெளியான ஓர் ஆய்வு, வழக்கமாக உடற்பகுதியில் செயல்படும் ஆக்சு-சி8 என்னும் மரபணு, கொண்டைக்கோழிகளில் தலைத் தோலிலும் செயல்படுவதைக் காட்டியது. அதாவது, உடலில் வளரவேண்டிய இறகின் அமைப்பு தலையில் தோன்றிவிடுகிறது எனலாம்.

இம்மரபியலால் ஒரு முக்கிய விளைவு உண்டு. ஒடுங்குபண்புகள் வெளியே தெரியாமல் பல தலைமுறைகள் மறைந்திருந்து பின்னர் வெளிப்படும். கொண்டை அவ்வாறு மறைந்திருப்பதில்லை. குடுமி சிறிதும் இல்லாத கோழியிடம் பொதுவாக இம்மரபணு இராது. எனவே ஓர் ஊரில் கொண்டையுள்ள கோழிகள் அனைத்தும் அழிந்தபின், எஞ்சிய கோழிகளிலிருந்து அப்பண்பை மீட்க இயலாது.

வளர்ப்பு

கொண்டைக்கோழிக்கு மேலேயும் பக்கவாட்டிலும் பார்வை குறைவு. பருந்து, கீரி முதலியவை நெருங்குவதை இது தாமதமாகவே உணரும். திடீரென அணுகினால் மிரளும். கண்களை மறைக்கும் இறகுகளை மட்டும் கத்தரித்து விடுவது வழக்கம். சேவலுக்கும் இவ்வாறு செய்தால் இனச்சேர்க்கை எளிதாகும்.

கொண்டை நனைந்து ஈரமாகவே இருந்தால் அழுக்குச் சேர்ந்து கண்நோய் உண்டாகும். தென்கடலோரப் பகுதிகளில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இதற்குத் தனிக் கவனம் தேவை. வாயகன்ற தட்டுக்குப் பதிலாக, அலகு மட்டும் நுழையும் குறுகிய விளிம்புள்ள நீர்க்கலம் ஏற்றது. கொண்டையின் அடியில் பேன் மறைந்திருக்குமாதலால் வாரம் ஒருமுறை இறகை விலக்கிப் பார்த்தல் வேண்டும். வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய்க்கும் கோழி அம்மைக்கும் எதிரான தடுப்பூசிகளை முட்டைப் பருவத்திற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

முதல் முட்டை

முட்டையிடத் தொடங்காத இளம்பெட்டை விடைக்கோழி எனப்படும். பேச்சு வழக்கில் வெடக்கோழி என்பர். பண்ணைகளில் முட்டைக்கென உருவாக்கப்பட்ட கலப்பினக் கோழிகள் 18 முதல் 20 வாரங்களில் முட்டையிடத் தொடங்குகின்றன. நாட்டுக்கோழிகளுக்கு ஏறத்தாழ 6 முதல் 7 மாதங்கள் ஆகும். போதிய தீனி கிடைக்காதபோது இது மேலும் நீளும்.

ஒளியின் பங்கு

பகல் நீள்வது கோழியின் முட்டை உற்பத்தியைத் தூண்டும். பறவைகள் இதனைக் கண்ணால் மட்டும் உணர்வதில்லை. மண்டையோட்டின் வழியே ஊடுருவும் ஒளியை மூளையின் உட்பகுதியில் உள்ள ஒளியுணரிகளும் உணர்கின்றன. பிரெஞ்சு அறிவியலாளர் சாக் பெனுவா 1930களில் வாத்துகளைக் கொண்டு இதனைக் காட்டினார். ஆகவே கண்ணைக் கொண்டை மறைப்பதனால் மட்டும் முட்டை தாமதமாகிறது என்று கூற இயலாது.

பகலின் நீளம் இடத்துக்கு இடம் வேறுபடும். நெதர்லாந்தில் கோடையின் மிக நீண்ட பகல் 17 மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவு. குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல் 8 மணி நேரத்திற்கும் குறைவு. அங்கே இலையுதிர் காலத்தில் பருவமடையும் பெட்டை அடுத்த இளவேனில் வரை முட்டையிடாமல் இருப்பதுண்டு. வட அகலாங்கு சுமார் 8.6 பாகையில் உள்ள காயல்பட்டினத்தில் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 12 மணி 37 நிமிடம். மிகக் குறுகியது ஏறத்தாழ 11 மணி 37 நிமிடம். வேறுபாடு ஒரு மணி நேரமே. எனவே இப்பகுதியில் முதல் முட்டையின் காலத்தைப் பருவத்தைக் காட்டிலும் வயது, உடல் எடை, தீனி ஆகியவையே பெரிதும் தீர்மானிக்கின்றன. குளிர்நாட்டு வளர்ப்பு நூல்கள் கூறும் மாதக் கணக்குகளை இங்கு அப்படியே கொள்ளுதல் பொருந்தாது.

பண்ணைகளில் விளக்கு வைத்து நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் ஒளி தருவர். உடல் வளர்ச்சி முற்றுப்பெறாத விடைக்கோழிக்கு இவ்வாறு செய்தால் முட்டை சிறுத்துப் போவதோடு, முட்டைக்குழல் வெளித்தள்ளும் ஆபத்தும் உண்டு.

உடல் மாற்றங்கள்

கோழியில் இடப்பக்கச் சூலகம் மட்டுமே வளர்ச்சியடைந்து செயல்படுகிறது. பருவம் நெருங்கும்போது சூலகம் சுரக்கும் ஈத்திரோசன் என்னும் இயக்குநீரின் தூண்டலால் கல்லீரல் மஞ்சள் கருவுக்கான பொருள்களை உருவாக்குகிறது. முதல் முட்டைக்குச் சுமார் இரு வாரங்களுக்கு முன்பிருந்தே கால் எலும்புகளின் உட்குழியில் சுண்ணாம்பைச் சேமிக்கும் தனி எலும்புத் திசு உருவாகிறது. இறுதி 7 முதல் 10 நாட்களில் மஞ்சள் கரு விரைந்து பருக்கிறது.

பருத்த கரு முட்டைக்குழலில் இறங்கியபின் முட்டை முழுமையடைய ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகும். வெண்கரு சேர்வதற்கு சுமார் 3 மணி நேரமும், சவ்வு உருவாக ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாகவும், ஓடு உருவாக சுமார் 20 மணி நேரமும் செலவாகின்றன. முட்டையோட்டில் 90 விழுக்காட்டுக்கு மேல் கால்சியம் கார்பனேட்டு ஆகும். கடலோர ஊர்களில் எளிதில் கிடைக்கும் கிளிஞ்சலைப் பொடித்துத் தனிக் கலத்தில் வைத்தால் கோழி தேவையான அளவு உண்ணும். இதனைக் குஞ்சுப் பருவத்திலிருந்தே தீனியில் மிகுதியாகக் கலந்தால் சிறுநீரகம் கெடும்.

அறிகுறிகள்

மற்ற கோழிகளில் சூட்டு சிவந்து பெருப்பதைக் கொண்டு பருவத்தை அறியலாம். கொண்டைக்கோழியின் சூட்டு சிறிதாகவும் மறைந்தும் இருப்பின் பின்வரும் அறிகுறிகள் உதவும்:

- முகமும் அலகின் கீழுள்ள தசைமடிப்புகளும் சிவத்தல்.
- வாலின் கீழுள்ள இரு இடுப்பெலும்பு முனைகளுக்கும் இடையே இரண்டு விரல்கள் நுழையும் அளவுக்கு இடைவெளி உண்டாதல்.
- முதுகில் கை வைத்தால் இறக்கையை விரித்துப் பதுங்குதல்.
- மூலை முடுக்குகளையும் பஞ்சாரத்தின் அடியையும் ஆராய்ந்து, வைக்கோலைக் கிளறிக் குழியாக்குதல்.
- வழக்கத்திற்கு மாறாக ஓயாது குரல் கொடுத்தல். முட்டையிட்டபின் எழுப்பும் உரத்த ஒலி கொக்கரித்தல் அல்லது கேறுதல் எனப்படும்.

அடையாளத்திற்காக ஒரு பழைய முட்டையை இட வேண்டிய இடத்தில் வைத்தால் கோழி அங்கேயே முட்டையிடப் பழகும். பார்வை குறைந்த கொண்டைக்கோழிக்கு, முட்டையிடும் இடம் தாழ்வாகவும் எப்போதும் ஒரே இடத்திலும் இருப்பது நல்லது.

முதல் முட்டைகளின் இயல்பு

முதல் முட்டைகள் வழக்கமான அளவைவிடச் சிறியவை. ஓட்டில் இரத்தக் கீற்று, ஓடு உருவாகாத தோல்முட்டை, மஞ்சள் கருவே இல்லாத மிகச்சிறு முட்டை ஆகியவை தொடக்கத்தில் காணப்படுவதுண்டு. இவை ஓரிரு வாரங்களில் சீரடையும். அதன்பின்னும் தோல்முட்டை தொடர்ந்தால் சுண்ணாம்புக் குறைபாடோ நோயோ உள்ளதா எனக் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

அடை வைத்தல்

சிறு முட்டையிலிருந்து சிறு குஞ்சே வெளிவருமாதலால், முதல் மூன்று, நான்கு வாரங்களின் முட்டைகளை உணவுக்குப் பயன்படுத்திக்கொண்டு, அதற்குப் பின் இடுபவற்றையே அடை வைப்பது சிறந்தது. பெட்டையின் உடலில் சேவலின் விந்து இரு வாரங்களுக்கு மேலும் உயிருடன் தங்கியிருக்கும். ஆகவே தெருவில் திரிந்த பெட்டையைக் கொண்டைச் சேவலுடன் தனியே அடைத்தபின், குறைந்தது மூன்று வாரங்கள் கழித்து இடும் முட்டைகளையே அச்சேவலின் வழியாகக் கொள்ள இயலும்.

அடைக்கான முட்டைகளை ஒரு வாரத்திற்கு மேல் வைத்திருத்தல் கூடாது. சுமார் 21 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிப் பின் மடியும். வெப்பமான ஊர்களில் ஈரமணல் பரப்பிய மண்பானையில் முட்டைகளைச் சேமிக்கும் முறை இதனை ஓரளவு தடுக்கிறது. போலிசு போன்ற இனங்கள் பெரும்பாலும் அடை காப்பதில்லை. அவற்றின் முட்டைகளை வேறொரு நாட்டுக்கோழியின் அடியில் வைக்கலாம். குஞ்சு பொரிக்க 21 நாட்கள் ஆகும்.

அருகிவரக் காரணம்

கொண்டைக்கோழி அருகுவதற்கு நோயும் பிற விலங்குகளும் மட்டும் காரணமல்ல. விடைக்கோழியின் இறைச்சி மென்மையானது என்பதால் முதல் முட்டைக்குச் சற்று முந்தைய வாரங்களில்தான் அதற்குத் தேவை மிகுதி. ஆறு மாதம் தீனியிட்டும் முட்டை காணாத வளர்ப்பவரும் அப்போதுதான் அதனை விற்கவோ சமைக்கவோ முடிவு செய்கிறார். அப்பெட்டை ஒரு முட்டைகூட இடாமல் அதன் வழி முடிந்துவிடுகிறது.

முட்டையிடும் வரை விடப்பட்டாலும், வீடுகள் நெருங்கிய தெருக்களில் அது கொண்டையில்லாத சேவல்களுடனேயே சேர்கிறது. பெருங்கொண்டைப் பெட்டை ஒன்றின் வழியில் ஒவ்வொரு தலைமுறையும் இவ்வாறே சேர்ந்தால், முதல் தலைமுறையில் அனைத்துக் குஞ்சுகளுக்கும் சிறு கொண்டை இருக்கும். அடுத்தடுத்த தலைமுறைகளில் சராசரியாக 50, 25, 12.5 விழுக்காட்டுக் குஞ்சுகளுக்கே கொண்டை எஞ்சும். கொண்டையுள்ள சேவல் ஒன்றையும் பெட்டைகள் சிலவற்றையும் தனியே அடைத்து, இடையிடையே வேறு ஊரிலிருந்து கொண்டையுள்ள சேவலை மாற்றி, குஞ்சுகளில் குடுமியுள்ளவற்றை மட்டும் அடுத்த தலைமுறைக்கு விட்டு வைத்தால் இச்சரிவு நிற்கும். இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. விடைக்கோழி முதல் முட்டையிட்டு, அம்முட்டைகள் அடைக்கு உரிய அளவை எட்டும் வரையிலான காத்திருப்பே இதற்கு முதல் தேவையாகும்.