லிஸ்ட்டைத் தட்டினால் மேப் நகரும்... 2004 சுனாமியில் கைநழுவிய 2 மணி நேரம்!

பண்டா ஆச்சே, ஃபூகெட், காலி, நாகப்பட்டினம், சோமாலியாவின் ஹஃபுன்... 2004 டிசம்பர் 26 சுனாமி தாக்கிய ஊர்கள் இவை. வெறும் லிஸ்ட்டாகப் படித்தால், எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் அலை வந்தது போலத் தோன்றும். ஆனால், பண்டா ஆச்சேவுக்கு அரை மணி நேரத்துக்குள் வந்த அலை, சோமாலியாவை அடைய சுமார் 7 மணி நேரம் ஆனது. இந்த இடைவெளியைப் புரியவைக்க லிஸ்ட், மேப், டைம்லைன் மூன்றையும் ஒன்றாகக் கோக்க வேண்டும்.

எப்படி வேலை செய்கிறது?

மேலே மேப், நடுவில் டைம்லைன், கீழே ஊர்களின் லிஸ்ட். நாகப்பட்டினத்தைத் தட்டினால் மேப் அங்கே நகரும். டைம்லைன் காலை 9 மணியை ஒட்டிப் போய் நிற்கும்.

மேட்டர் சிம்பிள்தான். ஒவ்வோர் ஊருக்கும் ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு வரிசை: பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம், கூடவே ஒரு ஐடி. மூன்று பகுதிகளும் அதே ஐடியைத்தான் தேடுகின்றன. எதைத் தட்டினாலும் மற்ற இரண்டுக்கும் தகவல் போய்விடும். மேப்புக்கு ‘லீஃப்லெட்’, டைம்லைனுக்கு ‘விஸ்’ போன்ற இலவச ஓப்பன் சோர்ஸ் கருவிகளே போதும்.

தட்டிப் பார்த்தால் என்ன தெரியும்?

நிலநடுக்க மையத்திலிருந்து ஃபூகெட் சுமார் 600 கி.மீ. சென்னையோ சுமார் 2,000 கி.மீ. மேப்பை மட்டும் பார்த்தால், சென்னைக்கு அலை ரொம்ப லேட்டாக வந்திருக்கும் என்றுதான் நினைப்போம். ஆனால் டைம்லைனில் இரண்டுமே 2 மணி நேரத்தை ஒட்டித்தான் நிற்கும்!

காரணம் இரண்டு. ஒன்று, 4,000 மீட்டர் ஆழக் கடலில் சுனாமி மணிக்கு சுமார் 700 கி.மீ. வேகத்தில் பாயும், ஆழம் குறைந்தால் வேகமும் குறையும். தாய்லாந்தை ஒட்டிய கடல் ஆழம் குறைவு. இரண்டு, பூமி விரிசல் விட்டது ஒரே புள்ளியில் இல்லை. சுமத்ராவில் தொடங்கி அந்தமான் வரை 1,000 கி.மீ.க்கு மேல். அதனால் மேப்பில் அலை புறப்பட்ட இடத்தை ஒரு புள்ளியாக இல்லாமல், கோடாகவே வரைய வேண்டும்.

எங்கே சொதப்பும்?

முதல் சிக்கல், நேரம். நிலநடுக்கம் ஏற்பட்டபோது இந்தியாவில் காலை 6.28, ஆச்சேவில் 7.58. அன்றைக்கு இலங்கைக் கடிகாரம் நம்மைவிட அரை மணி நேரம் முன்னால் ஓடியது. 2006-ல்தான் இந்திய நேரத்தோடு ஒன்றானது. உள்ளூர் நேரத்தை அப்படியே போட்டால், சென்னையில் அலை வந்து அரை மணி நேரம் கழித்துத்தான் பெரேலியாவில் ரயிலை அலை தாக்கியது போல இருக்கும். உண்மையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடந்தவை. அதனால் எல்லாவற்றையும் ஒரே நேரக் கணக்குக்கு மாற்றியே ஆக வேண்டும்.

அடுத்தது, இடம். ‘ஜியோஜேசான்’ ஃபைலில் தீர்க்கரேகை முதலில் வரும். லீஃப்லெட்டில் அட்சரேகை முதலில். இரண்டும் இடம் மாறினால் நாகப்பட்டினம் ஆர்க்டிக்கில், நார்வேயின் ஸ்வால்பார்ட் பக்கம் போய் உட்கார்ந்துவிடும்.

இதனால் என்ன பயன்?

லிஸ்ட் இழப்பைச் சொல்லும். மூன்றையும் இணைத்தால், எங்கே எவ்வளவு நேரம் கையில் இருந்தது என்பதும் தெரியும். சென்னைக்கு 2 மணி நேரம் இருந்தது. ஆனால், எச்சரிக்க இந்தியப் பெருங்கடலில் அப்போது சுனாமி எச்சரிக்கை அமைப்பே இல்லை. ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் செயல்பாட்டுக்கு வந்தது 2007-ல்தான்.

ஆச்சே போன்ற ஊர்களின் கதை வேறு. அங்கே மெசேஜுக்காகக் காத்திருக்க நேரமில்லை. தரை பலமாக, நீண்ட நேரம் ஆடினால் அதுவே எச்சரிக்கை. உடனே மேட்டுக்கு ஓட வேண்டும். எந்த ஊருக்கு எந்தப் பாடம் என்பது, லிஸ்ட்டில் அந்த ஊரைத் தட்டிய நொடியில் புரிந்துவிடும்.