பாயாமல் சுற்றும் ஏவுகணை

வியட்நாம் போரில் அமெரிக்க விமானிகளிடம் ‘ஷ்ரைக்’ என்றொரு ஏவுகணை இருந்தது. எதிரியின் ராடார் வீசும் அலையைப் பிடித்துக்கொண்டே போய் அந்த ராடாரின் தலையிலேயே விழும். தரையில் இருந்தவர்கள் இதற்குச் செலவில்லாத ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஏவுகணை வருகிறது என்று சந்தேகம் வந்ததும் ராடாரை அணைத்துவிடுவார்கள். அலை நின்றுபோகும், ஷ்ரைக் திசை தெரியாமல் எங்கேயோ போய் விழும். சற்று நேரம் கழித்து மறுபடி ஸ்விட்சைப் போட்டுக்கொள்ளலாம்.

அணைத்தவன் எப்படியும் திரும்பப் போட்டுத்தானே ஆகவேண்டும், அதுவரை வானத்திலேயே காத்திருந்தால் என்ன? பிரிட்டன் இதற்குக் கண்ட விடை கொஞ்சம் வேடிக்கையானது. அவர்களுடைய ‘அலார்ம்’ ஏவுகணை சுமார் 12 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறி, ஒரு பாராசூட்டை விரித்துக்கொண்டு மெதுவாக இறங்கும். கீழே ராடார் விழித்துக்கொண்டால் பாராசூட்டை உதறிவிட்டு அதன்மேல் பாயும். 1991 வளைகுடாப் போரில் டொர்னாடோ விமானங்கள் இதை ஏவின. இஸ்ரேலின் ‘ஹார்ப்பி’யில் பாராசூட் இல்லை, பின்னால் சுழலும் புரொபெல்லரின் துணையில் மணிக்கணக்காக வட்டமடித்தபடி ராடார் அலைக்குக் காது கொடுத்திருக்கும்.

ராடாராவது அலை வீசித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். மரத்தடியில் ஒளித்து நிறுத்திய ராக்கெட் லாரி அப்படி எதுவும் செய்யாது. அதைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். இங்கேதான் ‘டெலைலா’ ஏவுகணை வருகிறது.

1973 அரபு-இஸ்ரேல் போரில் இஸ்ரேல் ஆளில்லாத சிறு ஜெட் விமானங்களைப் பறக்கவிட்டு, நிஜ விமானம் என்று நம்பிய எதிரியின் ஏவுகணைகளை வீணடிக்க வைத்தது. பிறகு அதே வேலைக்காக ‘சாம்சன்’ என்ற போலி விமானத்தைப் பயன்படுத்தியது. அந்த வழியில் இஸ்ரேல் மிலிட்டரி இண்டஸ்ட்ரீஸ் உருவாக்கியதுதான் டெலைலா. பைபிளில் சாம்சனை (தமிழில் சிம்சோன்) ஏமாற்றிய தெலீலாளின் பெயர்; ஏமாற்று வேலையில் தொடங்கிய வம்சத்துக்குப் பொருத்தம்தான்.

நீளம் சுமார் 2.7 மீட்டர், எடை 190 கிலோவுக்குள், மூக்கில் ஒரு கேமரா, வாலில் ஒரு சின்ன டர்போஜெட். 250 கிலோமீட்டர் வரை போகும். ஆனால் அது சுமக்கும் வெடிமுனை வெறும் 30 கிலோ. டோமஹாக் போன்ற பெரிய க்ரூஸ் ஏவுகணை சுமப்பது சுமார் 450 கிலோ. இடத்தைச் சரியாகத் தெரிந்துகொண்டு அடித்தால் 30 கிலோ போதும் என்பதுதான் கணக்கு.

எஃப்-16 விமானத்தின் இரண்டு இருக்கை வகையில் பின்சீட்டில் இருப்பவர்தான் இதன் எஜமான். ஏவியபின் குறித்துக்கொடுத்த பாதையில் அது தானாகவே பறக்கும். இலக்கை நெருங்கும்போது அதன் கேமரா காணும் காட்சி ரேடியோ வழியாக அவர் முன்னால் உள்ள திரையில் ஓடும். தேடிய லாரி இல்லையென்றாலோ, பக்கத்தில் ஒரு பஸ் வந்து நின்றாலோ அவர் தாக்குதலை ரத்து செய்யலாம். கீழ்நோக்கிப் பாய்ந்துகொண்டிருக்கும் ஏவுகணை மூக்கை நிமிர்த்தி மேலேறி, ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி வரும். போட்ட குண்டைத் திரும்பப் பெற முடியாது என்று பழகிய விமானப்படைகளுக்கு இது பெரிய மாற்றம்.

சும்மா சுற்ற முடியாது, ஒவ்வொரு சுற்றுக்கும் எரிபொருள் போகும். சிறிய இறக்கைகளோடு ஜெட் இன்ஜினில் பறப்பதால் ரொம்பவும் வேகம் குறைக்க வழியில்லை. காத்திருப்பதில் ஹார்ப்பியிடம் இது தோற்றுவிடும். ரேடியோத் தொடர்புக்கு நடுவே மலை வந்தாலும் எதிரி அலையைக் குழப்பினாலும் திரை இருண்டுவிடும். ஆகவே தாய் விமானம் வேலை முடியும்வரை தொலைவில் உயரத்திலேயே நிற்க வேண்டியிருக்கிறது.

2006 லெபனான் போருக்குப் பிறகே டெலைலாவைப் பற்றி வெளியுலகம் விரிவாகப் பேசியது. கடைசி முடிவு மனிதன் கையில் இருப்பதால் தவறு நேராது என்பது விற்பவர்களின் பேச்சு. பாதிதான் உண்மை. கேமரா லாரியைக் காட்டும், தார்ப்பாய்க்குக் கீழே ராக்கெட் இருக்கிறதா தக்காளிக் கூடை இருக்கிறதா என்று காட்டாது. அதைச் சொல்ல வேறு உளவு வேண்டும்; அந்த உளவு பிசகினால் பின்சீட்டுக்காரர் எவ்வளவு நிதானமானவராக இருந்தும் பயனில்லை.

காத்திருக்கும் குணத்தை மற்றவர்களும் விடவில்லை. 2004-இல் அமெரிக்கக் கடற்படைக்கு வந்த டோமஹாக் நான்காம் வகை, வானில் சுற்றிக்கொண்டே செயற்கைக்கோள் வழியாகப் புது இலக்கை வாங்கிக்கொள்ளும். ஆனால் டெலைலாவுக்கு உண்மையான போட்டி அதன் சொந்த ஊரிலிருந்தே வந்தது. ஹார்ப்பியை அடிப்படையாக வைத்து, கேமராவோடு ‘ஹாரோப்’பை உருவாக்கினார்கள். இதை ஏவப் போர் விமானம் தேவையில்லை, லாரி மேல் அடுக்கிய பெட்டிகள் போதும். 2020 நாகோர்னோ-கராபாக் போரில் அஜர்பைஜான் இதை ஆர்மீனியப் படைகள்மீது ஏவியது. இந்திய விமானப்படையும் ஹாரோப் வாங்கி வைத்திருக்கிறது.